வாடகை வாங்கியவர் வள்ளலா?

போன வாரமும் ஒரு மொழிபெயர்ப்பில் படித்தேன்: ‘ஆலை அதிபரும் வள்ளலுமான டைட்டஸ் சால்ட்’. மூலத்தில் இருந்த சொல் பிலாந்த்ரபிஸ்ட். கிரேக்க வேர்ப்படி, மனிதர்மேல் அன்புள்ளவர். அதை அப்படியே ‘மனிதநேயர்’ என்று எழுதுவோரும் உண்டு. அது மனசைச் சொல்கிறதே தவிர, செய்த வேலையைச் சொல்லவில்லை.

வள்ளல் அதைவிடத் தப்பு. வள்ளல் என்றால் பேகன். மயில் குளிரில் நடுங்குகிறது என்று போர்வையைக் கொடுத்தான். அதற்கு அது பயன்படுமா என்று யோசிக்கவில்லை. கணக்குப் பார்க்காத அந்தக் கொடைதான் வள்ளன்மையின் அழகு. சால்ட் எல்லாவற்றையும் கணக்குப் பார்த்துச் செய்தவர். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் அல்பாகா கம்பளித் துணியால் பணம் சேர்த்தார், 1848-ல் அந்த நகரத்துக்கு மேயரானார். புகை மண்டிய நகரத்தை விட்டு ஏர் ஆற்றங்கரையில் புது ஆலை கட்டி 1853-ல் திறந்தார். அப்புறம் அதைச் சுற்றி 800-க்கும் மேற்பட்ட வீடுகள், பள்ளிக்கூடம், மருத்துவமனை, பூங்கா என ஓர் ஊரே எழுந்தது. அவர் பெயரும் ஆற்றின் பெயரும் சேர்ந்து சால்டேர். அங்கே மதுக்கடைக்கு அவர் இடம் தரவில்லை. சந்துகளில் துணி காயப்போடுவது பிடிக்காமல் சலவைக்கூடம் கட்டினார். தொழிலாளர்களிடம் வீட்டு வாடகையும் வாங்கினார். இவரை வள்ளல் என்றால், அந்தச் சொல்லுக்கும் நியாயமில்லை, அவருக்கும் நியாயமில்லை.

நம்மிடம் இதற்கென்றே சொல் இருக்கிறது: ஒப்புரவு. ‘ஒப்பு’ என்பதிலிருந்து வந்தது. உலகத்தோடு ஒத்து, ஊருக்கு வேண்டியதை அறிந்து செய்வது. குறளில் 22-ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல், 23-ஆம் அதிகாரம் ஈகை. இரண்டும் ஒன்றென்றால் வள்ளுவர் தனித்தனி அதிகாரம் எழுதியிருக்க மாட்டார். வறியவர்க்குக் கொடுப்பது ஈகை. ஒப்புரவுக்கு அவர் சொல்லும் உவமை நீர் நிறைந்த ஊருணி. யாரும் கையேந்த வேண்டாம், ஊரே மொண்டு குடிக்கலாம். சால்டேரின் பள்ளிக்கூடமும் பூங்காவும் ஊருணிதான். அங்கே ஈகையும் இருந்தது: 1868-ல் முதியோருக்குக் கட்டிய 45 வீடுகளுக்கு வாடகை கிடையாது, உதவித்தொகை வேறு. இப்படி ஒரே ஊரில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்போது, எல்லாவற்றுக்கும் ‘வள்ளல்’ என்று ஒரே சாயம் பூசுவது என்ன மொழிபெயர்ப்பு?

ஒப்புரவு கிறிஸ்தவ வழக்கில் சமாதானமாவதைக் குறிக்குமே என்பார்கள். சரி, ‘ஒப்புரவாளர்’ என்று ஆளைச் சொன்னால் அந்தக் குழப்பம் வராது. பரோபகாரியாவது பிறருக்கு உதவுபவர் என்று நேராகப் பொருள் தரும். ஆனால் சொந்தச் சொல் வீட்டில் இருக்கும்போது இரவல் எதற்கு?

அதே மொழிபெயர்ப்பில் அல்பாகா ‘செம்மறியாட்டு ரோமம்’ ஆகியிருந்தது. அல்பாகா ஒட்டகக் குடும்பம், பெரு நாட்டு மலைப்பகுதி விலங்கு. 1859-ல் பிராட்ஃபோர்டிலிருந்து நாடாளுமன்றம் போன சால்ட்டைச் சட்டமன்ற உறுப்பினராகவும் ஆக்கியிருந்தார்கள். அகராதியை ஒரு தடவை புரட்டியிருந்தால் போதும்.