பதினான்கு சென்டிமீட்டர் தாமதம்

படப்பிடிப்புத் தளத்தில் ஃபோகஸ் புல்லர் என்று ஒருவர் இருப்பார். முன்பெல்லாம் கேமராவை ஒட்டி நின்று லென்ஸ் வளையத்தைக் கையால் திருப்புவார். இப்போது பத்து, இருபது அடி தள்ளி ஒரு ஸ்டாண்டில் மானிட்டரை மாட்டிக்கொண்டு கையடக்கச் சக்கரம் ஒன்றைத் திருகுகிறார். லென்ஸில் பொருத்தியிருக்கும் குட்டி மோட்டார் அதற்கேற்பச் சுழலும். நடிகர் நடந்து வர வர, அவர் கண் கூர்மையாகவே இருக்க வேண்டும். 85 மில்லிமீட்டர் லென்ஸ், அப்பர்ச்சர் 1.4, நடிகர் 2 மீட்டர் தூரத்தில் என்றால், ஃபுல் ஃபிரேம் சென்சாரில் கூர்மையாக விழும் ஆழம் சுமார் நாலரை சென்டிமீட்டர்தான். கண் தெளிவாக இருந்தால் காது மங்கிவிடும்.

இப்போது அந்த மானிட்டருக்குப் படம் 100 மில்லிவினாடி, அதாவது ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு பிந்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண நடைக்கு வினாடிக்கு 1.4 மீட்டர் வேகம். அந்தப் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நடிகர் 14 சென்டிமீட்டர் நகர்ந்திருப்பார். ஃபோகஸ் புல்லர் பார்ப்பது, 14 சென்டிமீட்டருக்குப் பின்னால் இருந்த மனிதரை. நம்மிடம் இருப்பதோ நாலரை சென்டிமீட்டர்.

அந்த மானிட்டருக்குப் படத்தை ஒயர் இல்லாமல் அனுப்புவது, கேமராவின் தலையில் ஆன்டெனாக்களோடு உட்கார்ந்திருக்கும் வயர்லெஸ் வீடியோ ட்ரான்ஸ்மிட்டர். அதைப் பற்றிப் பேச்சு வந்தால், "எத்தனை அடி எடுக்கும்?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். என்னைக் கேட்டால், இந்த 14 சென்டிமீட்டரைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

கேபிள் இருந்தவரை இந்தத் தொல்லை இல்லை. கேமராவிலிருந்து எஸ்டிஐ என்ற வீடியோ கேபிளை இழுத்து மானிட்டரில் செருகினால் வேலை முடிந்தது. ஆனால் கேமராமேன் ஓடினால் கேபிளும் ஓட வேண்டும். அதைச் சுருட்டிக்கொண்டு பின்னால் ஓட ஓர் உதவியாளர் வேண்டும், படிக்கட்டில் அவர் தடுக்காமல் இருக்க வேண்டும். 1970களில் காரட் பிரவுன், நடக்கும்போதும் கேமரா குலுங்காமல் தாங்கும் ஸ்டெடிகேமை உருவாக்கினார். அதை உடம்பில் கட்டிக்கொண்டு எங்கும் நடக்கலாம் என்று ஆனதும், வால் மாதிரித் தொங்கும் கேபிள்தான் மிச்சமிருந்த விலங்கு. அதை அறுக்க அனலாக் டிவி ட்ரான்ஸ்மிட்டர்களைக் கேமராவில் மாட்டினார்கள். படம் சுமார்தான், ஆனால் தாமதம் என்பதே கிடையாது.

மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே "இப்ப தெரியுதா?" என்று கத்திய தலைமுறைக்கு அனலாக் படத்தின் குணம் தெரியும். சிக்னல் குறையக் குறையப் படத்தில் புள்ளி புள்ளியாக விழும், அப்புறம் இன்னும் கொஞ்சம் அதிகமாக விழும். ஆனாலும் கிரிக்கெட் பார்த்துவிடலாம். டிடிஎச் வந்த பிறகு கதை வேறு. மழை வலுக்கும் வரை படம் கண்ணாடி மாதிரி இருக்கும். பிறகு கட்டம் கட்டமாக உடைந்து, உறைந்து, திரை கறுத்துவிடும். மோசமான படம் என்று இடையில் ஒரு கட்டமே இல்லை. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

கேமராக்கள் எச்டிக்கு மாறியபோது கணக்கே மாறிவிட்டது. ஒரு ஃபிரேமில் 1920 பெருக்கல் 1080, அதாவது 20,73,600 பிக்சல்கள். ஒவ்வொன்றுக்கும் ஒளி, நிறம் எல்லாம் சேர்த்துச் சராசரியாக 20 பிட். வினாடிக்கு 24 ஃபிரேம். பெருக்கிப் பார்த்தால் வினாடிக்குக் கிட்டத்தட்ட 100 கோடி பிட். கேபிளுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் வைஃபை போல 5 கிகாஹெர்ட்ஸில் 40 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள சேனல் ஒன்றை எடுத்துக்கொண்டால், 802.11என் என்ற வைஃபை தரப்படி நான்கு ஆன்டெனா போட்டாலும் ஏட்டளவில் உச்சம் 60 கோடி பிட்தான். நடைமுறையில் அதுவும் வராது.

ஆகவே சுருக்க வேண்டும். ஒரு வழி எல்லோருக்கும் தெரிந்தது: எச்.264 மாதிரியான கோடெக், அதாவது வீடியோவைச் சுருக்கி விரிக்கும் முறை. போன ஃபிரேமுக்கும் இந்த ஃபிரேமுக்கும் என்ன வித்தியாசமோ அதை மட்டும் அனுப்பும் கெட்டிக்காரத்தனம். 100 கோடி பிட்டை ஒன்று, இரண்டு கோடிக்குக் கொண்டுவந்துவிடும். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் படம் கையில் இருக்க வேண்டும். 24 ஃபிரேம் வேகத்தில் ஒரு ஃபிரேம் முழுதாக வந்து சேரவே 41.7 மில்லிவினாடி ஆகும். சுருக்க, அனுப்ப, வழியில் தொலைந்ததை மறுபடி கேட்டு வாங்க, விரிக்க என்று ஒவ்வொரு மேசையிலும் கோப்பு கொஞ்சம் நிற்கும். ஃபிரேமைத் துண்டு துண்டாக வெட்டி, முதல் துண்டு வந்ததுமே வேலையை ஆரம்பித்து நேரத்தை மிச்சம் பிடிப்பார்கள். அப்படியும் விலை குறைந்த சிறிய பெட்டிகள் பலவற்றில் தாமதம் 60 முதல் 100 மில்லிவினாடி வரை இருக்கும். கல்யாண வீடியோவுக்கு இது தாராளம். மானிட்டரை வைத்து ஃபோகஸ் இழுப்பவருக்கு ஆகாது.

இரண்டாவது வழிதான் சுவாரசியமானது. அது சினிமாவுக்காகப் பிறக்கவும் இல்லை. இஸ்ரேலைச் சேர்ந்த அமிமோன் என்ற நிறுவனம், வீட்டில் செட்டாப் பெட்டியையும் டிவியையும் ஒயர் இல்லாமல் இணைப்பதற்காக ஒரு சிப்பை உருவாக்கியது. வீடுகளில் அது பெரிதாக எடுபடவில்லை. எச்டிஎம்ஐ கேபிள் மலிவாகக் கிடைக்கும்போது யார் வாங்குவார்கள்? ஆனால் அதே சிப், வயர்லெஸ் வீடியோ கருவிகள் செய்யும் டெராடெக் நிறுவனத்தின் போல்ட் வரிசைப் பெட்டிகளுக்குள் போய் உட்கார்ந்ததும் உலகமெங்கும் படப்பிடிப்புகளில் பரவியது. டெராடெக்கைத் தன்னிடம் வைத்திருந்த வைடெக் குழுமம், 2018இல் அமிமோனையும் வாங்கிக்கொண்டது.

அந்தச் சிப் செய்யும் காரியம் இது. ஃபிரேம் முழுதாக வரும்வரை காத்திருக்காமல், வந்த சில வரிகளைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்தையும் எண்களாக மாற்றுகிறது. முதல் சில எண்கள் கட்டத்தின் மொத்த வெளிச்சம், நிறம், பெரிய வடிவங்கள். கடைசி எண்கள் புடவையின் சரிகை இழை, தாடி மயிர் போன்ற நுணுக்கங்கள். சாதாரண டிஜிட்டல் முறையில் எல்லா பிட்டுக்கும் ஒரே பாதுகாப்பு. இங்கே அப்படியில்லை. முக்கியமான எண்களுக்குப் பலத்த காவல். நுணுக்கங்களை பூஜ்யம், ஒன்று என்று மாற்றாமல் ஏறக்குறைய அனலாக் அளவாகவே ரேடியோ அலையில் ஏற்றிவிடுகிறார்கள். அலையில் இரைச்சல் கலந்தால் சரிகை கொஞ்சம் அழியும், முகம் அப்படியே இருக்கும். பிழை வந்தால் திருப்பிக் கேட்பதும் இல்லை. போனது போகட்டும், அடுத்த வரி வந்துகொண்டிருக்கிறது.

மொட்டை மாடி ஆன்டெனாவின் குணத்தை டிஜிட்டலுக்குள் திருப்பிக் கொண்டுவந்த வேலை இது. அனுப்புவதற்கும் பெறுவதற்கும் இடையிலான தாமதம் 1 மில்லிவினாடிக்கும் கீழே. நம் நடிகர் அதற்குள் நகர்வது ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை.

சிப் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் ஆன்டெனாவை ஒழுங்காக வைக்காவிட்டால் பிரயோசனமில்லை. குச்சி ஆன்டெனாவைச் சுற்றி அலை பரவும் வடிவம் அசல் உளுந்து வடை. குச்சி வடையின் ஓட்டைக்குள் நிற்கிறது. பக்கவாட்டில் சதைப்பற்று, நுனி நீளும் திசையில் ஓட்டை. மானிட்டர் பக்கம் படத்தைப் பெறும் ரிசீவரை நோக்கித் துப்பாக்கி மாதிரி ஆன்டெனாவை நீட்டினால் சிக்னல் நன்றாகப் போகும் என்று புதிதாக வருபவர்கள் நினைப்பார்கள். நீட்டுவது ஓட்டையை.

அடுத்த எதிரி மனித உடம்பு. இந்தப் பெட்டிகள் பயன்படுத்தும் 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 6 சென்டிமீட்டர். தண்ணீர் அதை நன்றாக உறிஞ்சும், நாமோ பெரும்பாலும் தண்ணீர். ஒருமுறை கல்யாண மண்டபத்தில் எடுத்த காட்சியில், ஒத்திகை முழுக்கப் படம் சுத்தமாக வந்தது. டேக்கில் இருநூறு பேர் எழுந்து நின்றதும் மானிட்டரில் புள்ளி கொட்டியது. சேனலை மாற்றிப் பார்த்தோம், பேட்டரியை மாற்றிப் பார்த்தோம். கடைசியில் லைட்மேன் ஒருவர் யாரையும் கேட்காமல் ரிசீவர் ஸ்டாண்டை எட்டடிக்கு உயர்த்திவிட்டுப் போனார். படம் வந்துவிட்டது.

அவர் செய்ததற்குக் கணக்கு உண்டு. ரேடியோ அலை லேசர் கோடு மாதிரிப் போவதில்லை. இரு ஆன்டெனாக்களுக்கும் நடுவே, வெள்ளரிக்காய் வடிவத்தில் ஓரிடம் காலியாக இருந்தால்தான் முழுப் பலத்தோடு போகும். 100 மீட்டர் இடைவெளியில் அந்த வெள்ளரிக்காயின் நடுப்பகுதி ஆரம் ஒரு மீட்டருக்கும் சற்று மேல். கேமராவில் இருந்து ரிசீவர் கண்ணுக்குத் தெரிகிறது என்பது மட்டும் போதாது. கூட்டத்தின் தலைகள் அந்த இடத்துக்குள் நுழையாமலும் இருக்க வேண்டும்.

சுவர்கள் அப்படிப் பகை இல்லை. பழைய டிவியில் எதிரொலித்த அலை பேய் உருவமாக ஓரத்தில் தெரியும். இப்போதைய ரிசீவர்களில் ஐந்து ஆன்டெனா வரை இருக்கும். சுவரில் பட்டு வந்தது, நேரே வந்தது எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டுப் படத்தை மீட்டுவிடும். படம் திருடு போகுமே என்ற பயத்துக்கு ஏஇஎஸ் குறியாக்கம் இருக்கிறது. இந்தியாவில் இந்த 5 கிகாஹெர்ட்ஸ் பட்டைகளின் பெரும்பகுதியை 2018 முதல் உரிமம் இல்லாமலே பயன்படுத்தலாம். அதே காரணத்தால் பக்கத்து வீட்டு ரௌட்டரும் அதில்தான் இருக்கும்.

பெட்டியை மாட்டும்போது ஒரு விஷயம். முதலில் பவர், அப்புறம் வீடியோ கேபிள். கழற்றும்போது முதலில் வீடியோ, அப்புறம் பவர். பவர் பிளக்கில் பாசிட்டிவ் முள் முந்திக்கொண்டு, நெகட்டிவ் ஒரு கணம் பிந்தினால் மின்னோட்டம் திரும்ப வேறு வழி தேடும். எஸ்டிஐ கேபிள் ஏற்கெனவே செருகியிருந்தால் அதன் வழியாகவே கேமராவுக்குள் பாய்ந்து அந்த வெளியீட்டைச் சுட்டுவிடும். ஆரம்ப நாட்களில் நானே ஒரு போர்டுக்கு உலை வைத்திருக்கிறேன்.

தாமதத்தை நீங்களே அளந்து பார்க்கலாம். கேமராவுக்கு முன்னால் ஒரு ஃபோனில் ஸ்டாப்வாட்ச்சை ஓடவிடுங்கள். அந்த ஃபோனும் மானிட்டரும் ஒரே சட்டகத்தில் தெரிகிற மாதிரி இன்னொரு ஃபோனால் படம் எடுங்கள். இரண்டு எண்களையும் கழித்தால் விடை. ஜீரோ டிலே என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் கருவியை மாட்டி இப்படி அளந்தாலும் ஜீரோ வராது. கேமரா தன் படத்தைப் பதப்படுத்தி வெளியே விடவே ஒன்றிரண்டு ஃபிரேம் எடுத்துக்கொள்ளும், மானிட்டர் இன்னும் கொஞ்சம் சேர்க்கும். இவை கேபிள் காலத்து டிஜிட்டல் கேமராவிலும் இருந்தவைதான், அதனால் பெட்டிக்காரர் சொன்னதும் பொய்யில்லை. பழைய ஃபோகஸ் புல்லர்கள் இந்த மிச்சத்துக்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள். நடிகர் நடக்க ஆரம்பித்ததும் மானிட்டரை விட்டுக் கண்ணை எடுத்து, தரையில் ஒட்டிய டேப்பையும் அவர் காலையும் பார்ப்பார்கள்.