மான் தலைக்கு எண்ணெய்க் குளியல் வேண்டாம்

இந்த மாதத்தில் இது மூன்றாவது. பழைய வீட்டைக் காலி செய்தபோது பரணில் கிடைத்ததாம், தாத்தா காலத்தில் பாடம் செய்த மான் தலை. தூசியாக இருக்கிறதே என்று குளியலறையில் வைத்து ஷாம்பு போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, பளபளப்புக்கு எண்ணெயும் தேய்த்திருக்கிறார்கள். பழுதுபார்க்க என் மேசைக்கு வந்தபோது இடது காது விறைத்துச் சுருண்டிருந்தது. பின்கழுத்துத் தையல் ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்து வைக்கோல் எட்டிப்பார்த்தது. ஷாம்பு தேய்த்தது எட்டு வயதுப் பேரன் என்று பெருமையாகச் சொன்னார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

"தோல்தானே, எண்ணெய் விட்டால் மிருதுவாகும்" என்கிறார்கள். எத்தனை பேரிடம் மறுத்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை. ஐயா, இது செருப்பு அல்ல. செருப்பின் தோலில் ரோமம் கிடையாது. அதன் மேல் தடவும் எண்ணெய் உள்ளே இறங்க வழி உண்டு. இங்கே அடர்ந்த ரோமம் குறுக்கே நிற்கிறது. நீங்கள் தேய்க்கும் எண்ணெய் அதிலேயே தங்கி, தூசியைப் பிடித்து, நாளாக ஆக மஞ்சள் பிசினாக இறுகி, சிக்கு வாடை அடிக்கும். அதை எடுக்க எனக்கு ஒரு வாரம் பிடிக்கிறது. முழுதாகப் போவதும் இல்லை.

தண்ணீர் இன்னும் மோசம். பழைய தலைகள் பலவற்றில் தோல் சரியாகப் பதனிடப்பட்டதே இல்லை. படிகாரமும் உப்பும் போட்டு உலர்த்தியதோடு சரி. நனைந்தால் ஊறும், காய்ந்தால் முன்பிருந்ததைவிடச் சுருங்கும். உள்ளிருக்கும் மரமோ சுண்ணக்கலவையோ சுருங்காது. இந்த இழுபறியில் தோற்பது தையலும் காதும் கண்ணிமை ஓரமும்தான்.

இனி அந்தப் பேரன் விஷயம். 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் பெக்கூர் என்பவர் பூச்சி அரிக்காமலிருக்க ஒரு சோப்புக் கலவை செய்தார். அதன் உயிர்நாடி ஆர்செனிக் சேர்மமான நம் வெள்ளைப் பாஷாணம். பிறகு உலகெங்கும் தோலின் உட்புறத்தில் அதைத்தான் பூசினார்கள். ஆர்செனிக் ஒரு தனிமம்; நூறாண்டு கழிந்தாலும் அது சிதைந்து மறைவதில்லை. பின்னாளில் சிலர் டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லியும் தூவினார்கள். தையல் ஓரத்திலும் கண்ணைச் சுற்றியும் வெண்துகள் தெரிந்தால் எச்சரிக்கை, தெரியாவிட்டாலும் நம்பாதீர்கள். 1980களுக்கு முன் பாடம் செய்தது எதுவானாலும் நஞ்சு இருப்பதாகவே நான் வைத்துக்கொள்வேன். நைட்ரைல் கையுறையும் என்95 முகக்கவசமும் இல்லாமல் தொடாதீர்கள். வீட்டு வாக்குவம் கிளீனரால் உறிஞ்சாதீர்கள். நுண்தூளை அது அறை முழுக்கப் பரப்பிவிடும். குழந்தையும் நாயும் எட்டாத உயரத்தில் மாட்டுங்கள்.

நஞ்சு இருந்தாலும் பூச்சி வராது என்று சொல்வதற்கில்லை. பூச்சு சீராகப் படாத இடத்தில் அந்துப்பூச்சியும் கம்பள வண்டும் புகுந்துவிடும். தலைக்கு நேர் கீழே தரையில் மணல்போல் எச்சமோ, அரிசி உமிபோல் புழுச்சட்டையோ கிடந்தால் உடனே கழற்றி, பாலிதீன் உறையில் காற்றுப் புகாமல் கட்டி, தனியாக வையுங்கள். பூச்சிமருந்து அடிக்காதீர்கள், ரோமம் கறை பிடிக்கும். நான் மைனஸ் 20 டிகிரி செல்சியசில் இரண்டு வாரம் உறையவைப்பேன். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிப்பதில்லை. அறை வெப்பத்துக்கு வந்த பிறகே பிரிப்பேன், இல்லையென்றால் நீர் கோத்துக்கொள்ளும். உணவு வைக்கும் ஃப்ரீசரில் இதைச் செய்ய நினைக்கவே வேண்டாம்.

ரோமம் கொத்துக்கொத்தாகக் கையோடு வருகிறது என்று சிலர் பூச்சியைத் திட்டுவார்கள். பல சமயம் அது வேட்டையாடிய அன்றே தொடங்கிய கேடு. தோலை உரித்து ஆறவைத்து உப்பிடத் தாமதித்ததால் ரோமக்கால்கள் அழுகியிருக்கும். எந்த வைத்தியமும் அதற்கு இல்லை.

மற்றபடி வெயில் நேராக விழாத, அடுப்பின் சூடு எட்டாத சுவர் போதும். தூசி தட்ட மிருதுவான தூரிகை, ரோமம் சாய்ந்திருக்கும் திசையில் மட்டும்.

அதற்கு மேல் எது செய்யத் தோன்றினாலும், தயவுசெய்து முதலில் படம் எடுத்து இந்த வேலை தெரிந்த ஒருவருக்கு அனுப்புங்கள். அந்தக் குடும்பத்தினரிடம் பேரனை மருத்துவரிடம் காட்டும்படியும், கழுவியபோது போட்டிருந்த துணிகளைத் தனியாகத் துவைக்கும்படியும் சொல்லி அனுப்பினேன். தையலைப் பூட்டிவிட்டேன். காது அப்படியேதான் இருக்கும்.