சியான் மெட்ரோவில் ஒரு சிவப்புத் தூண்

பஸ், மெட்ரோ நிலையம், நிழற்குடை ஆகியவற்றுக்கு விளம்பரம் வடிவமைப்பது என் தொழில். இதில் நான் செய்த பெரிய பிழை சீனாவின் சியான் நகரத்தில் நடந்தது.

மணிக்கோபுர மெட்ரோ நிலையத்தில், ஒரு வாடிக்கையாளருக்காகத் தூண் முழுக்க அடர் சிவப்பில் படம் ஒட்டினோம். கணினியில் பிரமாதமாக இருந்தது. ஆனால் அங்கே ஓடும் 2-ஆம் தடத்தின் அடையாள நிறமும் சிவப்புதான். மறுநாள் எஸ்கலேட்டர் அடியில் நின்று பார்த்தேன். பேரனின் கையைப் பிடித்தபடி இறங்கிய பெரியவர் ஒருவர் நேராக எங்கள் தூணிடம் வந்து நின்று, மேலும் கீழும் தேடினார். பின்னால் வந்தவர்கள் அவர்மீது இடித்துக்கொண்டார்கள். ரயில் எந்தப் பக்கம் என்று காட்டும் பலகை எங்கள் சிவப்பில் கரைந்துபோயிருந்தது.

சியானில் ஒவ்வொரு நிலையத்துக்கும் தனிச் சின்னம் உண்டு. இந்த நிலையத்துக்கு மணிக்கோபுரத்தின் உருவம். எழுத்து தெரியாதவரும் படத்தைப் பார்த்து இறங்கலாம். அந்த அக்கறையைத்தான் நாங்கள் கெடுத்திருந்தோம்.

1384-ல் கட்டி, 1582-ல் இப்போதைய இடத்துக்கு மாற்றிய கோபுரம் அது. அதற்குச் சேதம் வரக்கூடாது என்று 2-ஆம் தடத்தின் சுரங்கங்களே இருபுறமும் விலகிப் போகின்றன. விளம்பரத்துக்கும் அந்த ஒதுக்கம் வேண்டும். 2015 செப்டம்பர் 1-ல் நடைமுறைக்கு வந்த சீனாவின் திருத்திய விளம்பரச் சட்டம், போக்குவரத்துக் குறியீடுகளைப் பயன்படுத்தி வெளிப்புற விளம்பரம் வைக்கக்கூடாது என்கிறது. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்களைச் சுற்றிய கட்டுப்பாட்டுப் பகுதியிலும் அதற்குத் தடை.

பஸ் விஷயம் இன்னும் கவலை தருவது. ஜன்னல்மீது ஒட்டும் துளையிட்ட ஷீட் வழியே பகலில் வெளியே தெரியும். மழை நேரத்து இரவில் எந்த நிறுத்தம் என்றே தெரியாது. அவசரத்துக்குச் சுத்தியலால் உடைக்க வேண்டிய கண்ணாடியிலும் அதை ஒட்டிவிட்டால், உடைந்த சில்லுகள் உதிராமல் ஷீட்டிலேயே தொங்கும். யார் எவ்வளவு கேட்டாலும் அந்த ஜன்னலை விட்டுவிடுங்கள்.

சரி, அந்தத் தூணுக்கு வருகிறேன். பலகையைச் சுற்றி இரண்டு முழம் வெள்ளை விட்டு, சிவப்பைக் கீழே இறக்கினோம். அப்புறம் அதே எஸ்கலேட்டர் அடியில் அரை மணி நேரம் நின்றேன். வந்தவர்கள் நிமிர்ந்து பலகையைப் பார்த்து, நடையை நிறுத்தாமல் அவரவர் பக்கம் திரும்பிப் போனார்கள்.