வெண்கூகை அருகிய இனமா? எந்தக் கோட்டுக்குள் எண்ணுகிறோம் என்பதே கேள்வி

நம்மூரில் சாவுக்குருவி என்று கல்லடி படும் வெண்கூகை, கனடாவின் தேசியப் பட்டியலில், தென் ஒண்டாரியோவைப் பொறுத்தவரை ‘அருகிய’ பறவை. அதே நாட்டின் மேற்கே பிரிட்டிஷ் கொலம்பியாவில் அதற்கு ஒரு படி குறைந்த ‘அச்சுறுத்தலுக்குள்ளான’ நிலை. எந்த இனம் அழியும் ஆபத்தில் எவ்வளவு இருக்கிறது என்று தரம் பிரிக்கும் உலகச் சிவப்புப் பட்டியலிலோ ‘தீவாய்ப்புக் கவலை குறைந்த’ இனம். மூன்றும் சரிதான்.

சிவப்புப் பட்டியலை 1964 முதல் நடத்திவருவது பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயுசிஎன். அதற்காகப் பறவைகளை மதிப்பிடும் பொறுப்பு பறவைப் பாதுகாப்பு அமைப்பான பேர்ட்லைஃப் இன்டர்நேஷனலுடையது. பார்ப்பது ஐந்து அளவுகோல்கள்: எண்ணிக்கை சரிந்த வேகம், பரவியுள்ள பரப்பு, சிறிதாகிக் குறைந்துகொண்டே வரும் கூட்டம், மிகச் சிறிய கூட்டம், கணித மாதிரி காட்டும் அழிவு வாய்ப்பு. ஐந்தில் ஒன்றின் வரம்பைத் தொட்டாலே ஆபத்து நிலைக்குள் வந்துவிடும். எது மிகக் கடுமையான நிலையைத் தருகிறதோ அதுவே நிற்கும்.

கற்பனையாக ஒரு கணக்கு. ஒரு நாட்டில் 2,400 கூகைகள் இருந்தன, 10 ஆண்டில் 1,500 ஆகிவிட்டன. சரிவு 37.5 விழுக்காடு. 10 ஆண்டு அல்லது மூன்று தலைமுறை, இரண்டில் எது நீளமோ அந்தக் காலத்துக்குள் 30 விழுக்காடு சரிந்தால் ‘அழிவாய்ப்பு’, 50 என்றால் ‘அருகிய’, 80 என்றால் ‘மிக அருகிய’. (இங்கே மூன்று தலைமுறை 10 ஆண்டைத் தாண்டாது என்று கொள்வோம்.) ஆக, முதல் அளவுகோலில் நம் கூகை ‘அழிவாய்ப்பு’. ஆனால் மூன்றாவதையும் பார்க்க வேண்டும்: 2,500க்குக் கீழே இருந்து, 5 ஆண்டில் 20 விழுக்காடு குறைந்தாலும் ‘அருகிய’ நிலைதான். சரிவு சீராக நடந்திருந்தால் 5 ஆண்டுக்குச் சுமார் 21 வருகிறது. ஒரு படி ஏறிவிட்டது.

கணக்கு பிசகுவது பெரும்பாலும் எண்ணும் இடத்தில். எண்ண வேண்டியது இனப்பெருக்கம் செய்யத்தக்க பறவைகளை மட்டுமே. வெண்கூகை ஓர் ஈட்டுக்கு 4 முதல் 7 முட்டை வரை இடும். எலி பெருத்த ஆண்டில் வயலெல்லாம் இளங்கூகைகளாகத் தெரியும். அவற்றையும் சேர்த்தால் கூட்டம் பொய்யாக ஊதும். அடுத்த ஆண்டு எலி குறைந்து கூகையும் குறைந்தால் அதைச் சரிவு என்று எழுதுவதும் பிழை. அது ஏற்ற இறக்கம்.

ஒரு நாட்டுக்கு மட்டும் மதிப்பிடும்போது இன்னொரு படி உண்டு. எல்லைக்கு அப்பாலிருந்து பறவைகள் வந்து இட்டு நிரப்புமானால் ஒரு நிலை இறக்கலாம். உள்ளூர்க் கூட்டம் வரவை நம்பியே பிழைத்து, அந்த வரவும் நின்றுபோகும் போலிருந்தால் ஏற்றலாம்.

ஒண்டாரியோ வெண்கூகை பரவியுள்ள பரப்பின் வட எல்லை. உடலில் கொழுப்பு குறைவு என்பதால் பனி மூடிய வாரங்களில் பட்டினி கிடந்தே சாகும். புல்வெளி மக்காச்சோள வயலானது, கூடு வைத்த மரக் களஞ்சியங்கள் போயின, சாலையோரத்தில் தாழப் பறந்து வண்டியில் அடிபடுகிறது, எலிமருந்து தின்ற எலியைத் தின்கிறது. ஆனால் இத்தனையும் உலகக் கணக்கில் சேரும்போது ஒரு புள்ளிதான். ‘கவலை குறைந்த’ என்ற பெயர் அதனாலேயே மோசமான பெயர். குறையவில்லை என்று அது சொல்லவில்லை, உலக அளவில் வரம்பைத் தொடவில்லை என்று மட்டுமே சொல்கிறது.

வகைப்பாட்டியலும் கோட்டை நகர்த்தும். அந்தமான் கூகையை முன்பு வெண்கூகையின் துணையினமாக வைத்திருந்தார்கள். தனி இனம் என்று பிரித்ததும் உலகளாவிய பரப்பு போய், ஒரு சிறு தீவுக்கூட்டத்தின் பரப்பே அதன் கணக்கானது.

நிலை மாறினால் பறவை பெருகிவிட்டது என்றும் பொருளல்ல. நடு இந்தியாவின் காட்டு ஆந்தையை 1884க்குப் பிறகு யாரும் காணாமல், 1997இல் மகாராஷ்டிரத்தில் மீண்டும் கண்டார்கள். ‘மிக அருகிய’ நிலையில் இருந்த அது 2018இல் ‘அருகிய’ நிலைக்கு இறங்கியது, தேடத் தேடப் புதிய இடங்களில் தென்பட்டதால்.