நாலரை மணிக்குப் பொழுது ஏன் நகர மறுக்கிறது?

பள்ளி வேன் தெருமுனையில் நிற்கும் சத்தம் கேட்கும். பை ஒரு பக்கம், ஷூ ஒரு பக்கம். ஒரு டம்ளர் பால், இரண்டு பிஸ்கட், சரியாகப் பத்து நிமிஷம். அப்புறம் அந்த வார்த்தை வரும்: "அம்மா, போரடிக்குது." அலமாரியில் கார்கள் இருக்கின்றன, பிறந்தநாளுக்கு வந்த பிளாஸ்டிக் கட்டைகள் இருக்கின்றன, செஸ் போர்டு இருக்கிறது, கலர் பென்சில் டப்பா மட்டும் மூன்று இருக்கிறது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒன்பது வயதுப் பையனுக்கு எப்படிப் போரடிக்கும் என்று எனக்குக் கோபம்தான் வரும். அந்தக் கோபத்தோடுதான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்கக் கோபம் போய்விட்டது, ஏனென்றால் அவன் சொல்வது உண்மை.

சலிப்பு என்றால் என்ன என்பதற்கு 2012-ல் கனடாவின் யார்க் பல்கலைக்கழக உளவியலாளர் ஜான் ஈஸ்ட்வுட்டும் அவருடைய சகாக்களும் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். மனம் எதிலாவது ஈடுபட ஆசைப்படுகிறது, ஆனால் ஈடுபட முடியவில்லை, அந்த அவஸ்தைதான் சலிப்பு. இதில் ஆசை இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். சோம்பலாக இருப்பவனுக்கு எதுவும் செய்ய வேண்டாம், படுத்திருந்தால் போதும். போரடிக்கிறவனுக்கு ஏதாவது செய்தே ஆகவேண்டும், கவனம் கையை நீட்டித் துழாவுகிறது, பிடிக்க ஒன்றும் அகப்படவில்லை. பசித்தவன் முன்னால் பாத்திரங்களை அடுக்கி வைத்து "இவ்வளவு பாத்திரம் இருக்கே" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அலமாரியைக் காட்டி நான் கோபப்பட்டதும் அப்படித்தான்.

உடம்பும் இதையே சொல்கிறது. வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் காலீன் மெரிஃபீல்டும் ஜேம்ஸ் டாங்கர்ட்டும் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், சலிப்பை வரவழைக்க இரண்டு பேர் துணி காயப்போடும் காட்சியை ஆட்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். இன்னொரு சமயம் சோகமான காட்சி ஒன்றைக் காட்டினார்கள். சோகத்தோடு ஒப்பிட்டால் சலிப்பின்போது இதயத் துடிப்பு கூடியிருந்தது, மன அழுத்தத்தோடு சேர்ந்து வரும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனும் கூடியிருந்தது. பையன் சோபாவை உதைப்பதற்கும், தங்கச்சியின் ஜடையை இழுப்பதற்கும், ஃப்ரிட்ஜை ஐந்து தரம் திறந்து மூடுவதற்கும் காரணம் இதில் இருக்கிறது. உள்ளே வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, கியர்தான் விழவில்லை.

எங்கள் வீட்டில் ஆச்சி இதை வேறு மாதிரி சொல்வார்கள், "பொழுதே போவ மாட்டேங்கு" என்று. எனக்கு இந்தச் சொல் ரொம்பப் பிடிக்கும். கவனம் ஒரு வேலையில் முழுக்க இறங்கியிருந்தால் நேரத்தைக் கணக்குப் பார்க்க அதில் மிச்சம் இருக்காது. வேலை இல்லாத கவனம் நேரத்தையே உற்றுப் பார்க்க ஆரம்பிக்கும், பார்க்கப் பார்க்க அது நீண்டுகொண்டே போகும். ராத்திரி கடைசி பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கு இது தெரியும். பொழுதுபோக்கு என்று நாம் பேர் வைத்திருப்பதே நகராத பொழுதை நகர்த்துகிற வேலைக்குத்தானே.

இந்த அவஸ்தை எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு சோதனை உண்டு. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் டிமோத்தி வில்சன் குழு 2014-ல் வெளியிட்டது. ஆட்களைத் தனியறையில் 15 நிமிஷம் சும்மா உட்காரச் சொன்னார்கள், போன் கிடையாது, புத்தகம் கிடையாது. பக்கத்தில் ஒரு பொத்தான் மட்டும் இருந்தது, அழுத்தினால் லேசான மின்அதிர்ச்சி. அதை முன்பே வாங்கிப் பார்த்து, காசு கொடுத்தாவது இதைத் தவிர்ப்பேன் என்று சொன்னவர்கள்தான் எல்லோரும். ஆனாலும் 18 ஆண்களில் 12 பேரும், 24 பெண்களில் 6 பேரும் ஒருமுறையாவது பொத்தானை அழுத்திவிட்டார்கள். வளர்ந்தவர்களிலேயே பலர் கால் மணி நேரம் தாங்கவில்லை. ஒன்பது வயதுக்காரன் இரண்டு மணி நேரம் தாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

சரி, புது பொம்மை ஏன் நான்காம் நாள் அலமாரிக்குப் போய்விடுகிறது? இதற்குக் குரங்குகளிடம் போகவேண்டும். மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளை வெளியிடும் நரம்பு செல்களை வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி பல ஆண்டுகள் பதிவு செய்தார். குரங்குக்கு எதிர்பாராமல் ஒரு சொட்டு ஜூஸ் கிடைத்தால் அந்த செல்கள் படபடவென்று இயங்கும். ஒரு அடையாளம் காட்டிவிட்டு ஜூஸ் தருவதைப் பழக்கினால், கொஞ்ச நாளில் அடையாளத்தைப் பார்த்ததுமே இயங்கும், ஜூஸ் வாயில் விழும்போது ஒன்றும் நடக்காது. வரும் என்று தெரிந்த ஜூஸ் வராமல் போனால் இயக்கம் தாழ்ந்துவிடும். அதாவது இந்த செல்கள் எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அளக்கின்றன. பட்டனை அழுத்தினால் சைரன் அடிக்கும் காரில் முதல் நாள் வித்தியாசம் நிறைய இருக்கும். நான்காம் நாள் எல்லாம் தெரிந்ததுதான், கற்றுக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை. பம்பரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், சாட்டையைச் சுற்றும் இறுக்கம், வீசும் கோணம், கையை வெடுக்கென்று இழுக்கும் நேரம், ஒவ்வொன்றும் கொஞ்சம் மாறினால் முடிவு மாறுகிறது. விலை மலிவான ஒரு மரக்கட்டை மாசக்கணக்கில் தாக்குப்பிடிப்பது அதனால்தான்.

ஆனால் புதிதாக இருந்தால் மட்டும் போதாது. செலஸ்ட் கிட் என்பவரும் சகாக்களும் 2012-ல் ஏழெட்டு மாதக் குழந்தைகளுக்குத் திரையில் சில தொடர் நிகழ்வுகளைக் காட்டி, எந்தக் கட்டத்தில் கண்ணைத் திருப்புகிறார்கள் என்று பார்த்தார்கள். அடுத்து என்ன வரும் என்று ரொம்ப எளிதாகத் தெரிந்தாலும் திருப்பிக்கொண்டார்கள், கொஞ்சமும் ஊகிக்க முடியாமல் போனாலும் திருப்பிக்கொண்டார்கள். நடுத்தரமாக இருந்ததில்தான் கண் நின்றது. பேசக்கூடத் தெரியாத குழந்தையின் மூளை, இங்கே எனக்குக் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று கணக்குப் போட்டு நேரத்தைச் செலவழிக்கிறது! சீக்கிரம் போரடிக்கிற பையன் என்று நாம் சொல்வது பல சமயம் இந்தக் கணக்கைச் சீக்கிரம் போட்டுவிடுகிற பையனைத்தான். (எந்த இடத்திலும், பிடித்த விளையாட்டில்கூட, மாதக்கணக்கில் நிலைகொள்ளாமல் தவிக்கிற குழந்தை என்றால் அது வேறு விஷயம், குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டுவது நல்லது.)

அந்த நடுத்தரத்தை வீட்டில் எப்படிக் கொண்டுவருவது? எங்கள் வீட்டில் வழி கண்டுபிடித்தது ஆச்சிதான், எந்த ஆய்வையும் படிக்காமல். திண்ணையில் சாக்பீஸால் ஆடு புலி ஆட்டக் கோட்டைப் போட்டு, பதினைந்து புளியமுத்தும் மூன்று கல்லும் எடுத்து வைத்துக்கொண்டு, "ஏலே, ஆடா புலியா?" என்று கேட்டார்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். புலி ஆட்டைத் தாண்டி வெட்டும், ஆடுகள் கூடி நின்று புலியை நகரவிடாமல் அடைக்க வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் பலம் வேறு, வேலை வேறு. அதனால் சின்னவரும் பெரியவரும் சமமாக மோத இதில் வழி இருக்கிறது. அவன் ஆடாக நின்று தோற்றுக்கொண்டே இருந்தால் இரண்டு ஆட்டைக் கூட்டிக் கொடுக்கலாம், ஜெயிக்கத் தொடங்கியதும் ஒன்றொன்றாகக் குறைக்கலாம். வேண்டுமென்றே தோற்றுக் கொடுக்கத் தேவையே இல்லை, அதைக் குழந்தைகள் கண்டுபிடித்துவிடுவார்கள், கண்டுபிடித்தால் ஆட்டம் செத்துவிடும். கஷ்டத்தை வெளிப்படையாகக் கூட்டவும் குறைக்கவும் முடிகிற விளையாட்டுதான் நீடிக்கும் என்பது என் அனுபவம். திறமையும் சவாலும் பொருந்தும் இடத்தில் மனம் தன்னை மறக்கிறது என்று உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி 1970-களில் எழுதியதும் இதைத்தான்.

பள்ளி விட்டு வந்த நேரத்துக்கு மட்டும் இன்னொரு சிக்கல் உண்டு. காலையிலிருந்து அடுத்து என்ன செய்யவேண்டும் என்பதை மணியும் டீச்சரும் முடிவு செய்கிறார்கள். நாலரைக்குத் திடீரென்று அந்தப் பொறுப்பு மொத்தமும் அவன் தலையில் விழுகிறது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதைத் தொடங்கி, அதிலேயே நிற்பது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளையின் வேலை. அந்தப் பகுதி முழுசாக முதிர இருபது வயதைத் தாண்டிவிடும். "போய் ஏதாவது விளையாடு" என்பது நமக்குச் சின்ன வாக்கியம், அவனுக்கு அன்றைய கஷ்டமான கணக்கு அதுதான். எனவே முதலில் சோறோ சுண்டலோ வயிறு நிறையக் கொடுத்து வெளியே ஓடவிடுங்கள். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் ஹில்மன் குழு 2009-ல் பார்த்தபோது, ஒன்பது பத்து வயதுக் குழந்தைகள் 20 நிமிஷம் நடந்துவிட்டு வந்த பிறகு கவனச் சோதனையில் நன்றாகச் செய்தார்கள். தெருவில் இடமில்லை என்றால் மாடிப்படியில் ஏறி இறங்கும் பந்தயம்கூடப் போதும்.

போனைக் கொடுத்தால் உடனே அடங்கிவிடுகிறானே என்று கேட்கலாம், நானும் கொடுத்திருக்கிறேன். டொரன்டோ பல்கலைக்கழகத்தின் கேட்டி டாம், மைக்கேல் இன்ஸ்லிக்ட் இருவரும் 2024-ல் வெளியிட்ட சோதனைகள் என்னை யோசிக்க வைத்தன. ஒரே வீடியோவைக் கடைசிவரை பார்ப்பதைவிட, பிடிக்காததைத் தள்ளித் தள்ளி மாற்றிக்கொண்டே இருந்தால் சலிப்பு குறையும் என்று ஆட்கள் நினைத்தார்கள். ஆனால் தள்ளித் தள்ளிப் பார்த்தபோது சலிப்பு கூடியது. சோதனையில் இருந்தவர்கள் பெரியவர்கள், குழந்தைகள் அல்ல. ஆனாலும் அரை மணி நேரம் ரீல்ஸ் தள்ளிவிட்டு எழுந்திருக்கும் பையனின் முகத்தைப் பார்த்திருந்தால் நம்புவது கஷ்டமில்லை. எதிலும் இறங்குவதற்கு முன்பே விரல் அடுத்ததற்குப் போய்விடுகிறது. திரை வேண்டும் என்றால் ஒரு முழுப் படத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து பாருங்கள், அது எவ்வளவோ மேல்.

பரிசு கொடுத்து ஈடுபடவைக்கும் யோசனையையும் விட்டுவிடுங்கள். ஸ்டான்ஃபோர்டில் 1973-ல் மார்க் லெப்பரும் சகாக்களும் வெளியிட்ட பரிசோதனையில், படம் வரைவதில் ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி, வரைந்ததும் அதைக் கொடுத்தார்கள். பிறகு சும்மா இருக்கும் நேரத்தில் அந்தக் குழந்தைகள் வரைந்தது, பரிசே இல்லாத குழந்தைகள் வரைந்ததில் சுமார் பாதிதான். சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்றவர்களுக்கு ஆசை குறையவில்லை.

இப்போது நான் செய்வது ஒரே ஒரு காரியம். சாயங்காலத்தை நிரப்புவதில்லை, தொடங்கிப் பாதியில் நிற்கும் ஒன்றை மேஜைமேல் விட்டு வைக்கிறேன். 1928-லேயே மரியா ஒவ்சியான்கினா என்ற ஆய்வாளர், பாதியில் நிறுத்தப்பட்ட வேலையை ஆட்கள் யாரும் சொல்லாமலேயே திரும்ப எடுத்துச் செய்வதைக் கவனித்து எழுதியிருக்கிறார். தேர்ந்தெடுப்பதும் தொடங்குவதும்தானே கஷ்டம், அது இரண்டும் நேற்றே முடிந்திருந்தால் கவனத்துக்குப் பிடி தயாராக இருக்கிறது.

அப்படி விட்டு வைக்க ஏற்ற ஒன்றை அரவிந்த் குப்தா பல வருஷங்களுக்கு முன்பே சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஐஐடி கான்பூரில் படித்த பொறியாளர், குப்பையில் போகும் பொருள்களில் அறிவியல் பொம்மைகள் செய்பவர், 2018-ல் பத்மஸ்ரீ பெற்றவர். தேவை இரண்டே பொருள்: தீக்குச்சி, சைக்கிள் கடையில் கிடைக்கும் மெல்லிய வால்வு டியூப். குச்சியின் மருந்தைப் பெரியவர்கள் முதலில் சுரண்டி எடுத்துவிட வேண்டும். டியூபை விரல்கணு அளவுக்கும் சின்னத் துண்டுகளாக வெட்டி, இரண்டு பக்கமும் குச்சியைச் செருகினால் வளையும் மூட்டு ஒன்று கிடைக்கும். நான்கு குச்சியில் சதுரம் செய்து ஒரு மூலையை அழுத்தினால் சாய்ந்து படுத்துவிடும். மூன்று குச்சியில் முக்கோணம் செய்து எவ்வளவு அழுத்தினாலும் வடிவம் மாறாது, ஏனென்றால் பக்கங்களின் நீளம் மாறாமல் அதன் கோணம் மாற வழியே இல்லை. சதுரத்துக்குக் குறுக்கே, மூலைக்கு மூலை எட்டும் நீளத்தில் ஒரு குச்சியைக் கொடுத்தால் அதுவும் நிமிர்ந்து நின்றுவிடும், இரண்டு முக்கோணமாகிவிட்டதால்.

நான் காட்டியது முக்கோணம் வரைக்கும்தான். குறுக்குக் குச்சியை அவனே கண்டுபிடித்தான். கோவில்பட்டிக்குப் பஸ்ஸில் போனபோது ஜன்னல் வழியாக மின்சார டவர்களைப் பார்த்து "அம்மா, எல்லாமே முக்கோணம்மா" என்று கத்தினான், பஸ்ஸில் நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து அதே மாதிரி ஒரு டவரைத் தொடங்கினான், மூன்றாவது அடுக்கில் டியூப் தீர்ந்துவிட்டது. மறுநாள் காலையில் நான் கடைக்குப் போய் ஒரு முழம் வாங்கி வந்து, சாய்ந்து நின்ற டவருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன், ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் வேன் சத்தம் கேட்டது, பை விழும் சத்தம் கேட்டது. ஐந்தரைக்கு எட்டிப் பார்த்தேன். டவர் ஐந்தாவது அடுக்கில் இருந்தது, பால் டம்ளரில் ஆடை கட்டியிருந்தது.