பாட் காஸ்டைன்: வெந்நீர், அருவி, ரேடான்

அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்னும் முதுகெலும்பு அழற்சிக்காக என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் இருபது, முப்பது வயதுக்காரர்கள். விடியற்காலையில் முதுகு மரக்கட்டையாய் இறுகி, நடமாடத் தொடங்கிய பிறகே தளர்கிற வலி அது. அவர்களில் சிலர் செல்பேசியில் ஒரு காணொளியைக் காட்டி, “ஆஸ்திரியாவில் ஒரு சுரங்கத்துக்குள் போய்ப் படுத்திருந்தால் இது சரியாகிவிடுமாமே, டாக்டர்?” என்று கேட்பதுண்டு. அந்தச் சுரங்கம் உண்மையிலேயே இருக்கிறது. முறையான மருத்துவ மேற்பார்வையில்தான் இயங்குகிறது. ஆனால் காணொளிகள் சொல்வது பாதிக் கதை. மீதியைச் சொல்ல அந்த ஊரிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

சால்ஸ்பர்க் மாநிலத்தில், ஹோஹே டவர்ன் மலைத்தொடரின் வடபுறப் பள்ளத்தாக்கில், ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது பாட் காஸ்டைன். சுமார் 4,000 பேர் வாழும் சிற்றூர்தான். ஊரின் நட்டநடுவே காஸ்டைனர் ஆஹே என்னும் ஆறு மூன்று கட்டங்களாக 341 மீட்டர் கீழே விழுகிறது. அருவியின் இரு கரைகளிலும், செங்குத்தான சரிவில், பத்து மாடி வரை உயர்ந்த பழைய ஹோட்டல்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. மலைக்கிராமம் இருக்க வேண்டிய இடத்தில் மாநகரத்துத் தெரு ஒன்று ஏறி நிற்பதுபோல் தோன்றும். பாலத்தின்மேல் நின்றால் சாரல் முகத்தில் அடிக்கும். அருகில் நிற்பவரிடம் எதையும் உரக்கத்தான் சொல்ல வேண்டும்.

பள்ளத்தாக்குக்குச் செல்வம் முதலில் வந்தது தங்கத்தால். 16ஆம் நூற்றாண்டில் வைட்மோசர் குடும்பத்தார் ராட்ஹவுஸ்பெர்க் மலையில் தங்கம் வெட்டிப் பெருஞ்செல்வர்களானார்கள். வெந்நீரின் புகழ் அதற்கும் முந்தியது: பின்னாளில் பேரரசர் மூன்றாம் ஃபிரீட்ரிக் ஆன இளவரசர், காயம் ஆறுவதற்காக 1436 இல் இங்கே வந்திருக்கிறார். மருத்துவர் பாராசெல்சஸ் இந்த ஊற்றுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். ஊரின் மிகப் பழைய கட்டடங்களில் ஒன்றான புனித நிக்கோலஸ் தேவாலயம் 15ஆம் நூற்றாண்டின் சுவரோவியங்களோடு இன்றும் இருக்கிறது. அருவியைப் பார்த்துப் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறவர்கள் அதைத் தவறவிடுவது வழக்கம்.

1794 இல் சால்ஸ்பர்க் பேராயர் கொலொரெடோ அருவிக்கருகே தமக்கென ஒரு குளியல் மாளிகை கட்டிக்கொண்டார் (மோட்சார்ட் சண்டையிட்டு வேலையை விட்டது இவரிடமிருந்துதான்). ஷூபர்ட் 1825 கோடையில் இங்கே தங்கி ஒரு பியானோ சொனாட்டா இயற்றினார். 1865 ஆகஸ்ட் 14 அன்று, ஸ்ட்ராவுபிங்கர் ஹோட்டலில், ஷ்லெஸ்விக் என்னும் பகுதியைப் பிரஷ்யாவும் ஹோல்ஸ்டைன் என்னும் பகுதியை ஆஸ்திரியாவும் நிர்வகிக்கும் என்ற காஸ்டைன் ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த ஆண்டே இரு நாடுகளும் போரில் இறங்கிவிட்டன. ஜெர்மானியப் பேரரசர் முதலாம் வில்ஹெல்ம் இங்கே பலமுறை வந்து நீராடினார். அவர் பெயரிலான நடைபாதை இன்றும் ஊரின் மிக நல்ல காலை நடைக்குரிய இடம். 1905 இல் ரயில் வந்தது. 1909 இல் டவர்ன் மலைச் சுரங்கப்பாதை திறக்கப்பட்டதும் தெற்கு நோக்கியும் வழி திறந்தது. அதே ஆண்டில்தான் பிரம்மாண்டமான கிராண்ட் ஹோட்டல் தெ லூரோப்பும் எழுந்தது.

இந்தியர்கள் இந்த ஊரை நினைக்க வேறொரு காரணமும் உண்டு. 1935 இல் வியன்னாவில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட சுபாஷ் சந்திர போஸ் உடல் தேறுவதற்காக இங்கே வந்தார். 1937 டிசம்பரில் மீண்டும் வந்து, முடிக்கப்படாமல் நின்றுபோன தம் தன்வரலாற்றைப் பத்தே நாட்களில் எழுதினார். காங்கிரஸ் தலைவராக அவர் பொறுப்பேற்றது அதற்குச் சில வாரங்கள் கழித்துத்தான்.

இனி நீருக்கு வருவோம். மலையடியிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 லட்சம் லிட்டர் வெந்நீர் ஊறுகிறது; அதன் வெப்பம் 46 டிகிரி செல்சியஸ் வரை போகிறது. மற்ற வெந்நீர் ஊற்றுகளில் அடிக்கும் கந்தக வாடை இதில் இல்லை, உப்பும் குறைவு. இவ்வளவு சாதுவான நீரில் அப்படி என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு 1904 இல் இயற்பியலாளர் ஹைன்ரிக் மாஹே விடை கண்டார்: பாறையிலுள்ள ரேடியம் சிதைந்து உண்டாகும் கதிரியக்க வாயுவான ரேடான்.

சுரங்கத்தின் கதை இன்னும் சுவையானது. 1940களில், பழைய தங்கத்தை மீண்டும் தேடி, பெக்ஸ்டைன் கிராமத்தருகே ராட்ஹவுஸ்பெர்க்கைக் குடைந்தார்கள். வெட்டியெடுக்கத் தகுந்த அளவு தங்கம் கிடைக்கவில்லை. ஆனால் உள்ளே வேலை செய்த தொழிலாளர்கள் தங்கள் மூட்டுவலி குறைந்திருப்பதாகச் சொன்னார்கள். இன்ஸ்ப்ரூக் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தார்கள். 1952 இல் சுரங்கம் சிகிச்சை நிலையமாயிற்று. முதலில் மருத்துவர் பரிசோதித்து அனுமதிக்க வேண்டும். பிறகு சிறு ரயில் ஒன்று நோயாளிகளை மலைக்குள் சுமார் 2 கிலோமீட்டர் கொண்டுசெல்கிறது. உள்ளே காற்றின் வெப்பம் 37 முதல் 41.5 டிகிரி, ஈரப்பதம் 70 முதல் 100 சதவீதம். வரிசையாகக் கிடக்கும் படுக்கைகளில் துண்டு விரித்து ஒரு மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். வியர்வை வழிந்துகொண்டே இருக்கும். வெளியே வந்த பிறகும் ஓய்வு கட்டாயம். வழக்கமாக மூன்று வாரங்களில் பத்து முறை அளவில் இது நடக்கிறது.

உள்ளே உள்ள ரேடான் அளவு ஒரு கன மீட்டருக்குச் சராசரியாக 44,000 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு). வீடுகளில் இது 100க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது என்றும், முடியாத இடங்களிலும் 300ஐத் தாண்டக் கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. புகைபிடித்தலுக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் முக்கியக் காரணிகளில் ரேடானும் ஒன்று. இதை மறைத்துச் சிகிச்சையின் பெருமையை மட்டும் பேசுவது நேர்மையன்று. அதேபோல், 44,000 என்ற எண்ணைப் பார்த்ததும் பதறுவதும் தேவையில்லை. பத்து மணி நேரத்தை 44,000 ஆல் பெருக்கினால் 4,40,000 வருகிறது. 300 பெக்கரல் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 7,000 மணி நேரம் இருப்பவருக்கு அதே கணக்கில் 21,00,000 வரும். ரேடானின் சிதைவுப் பொருள்களைக் கணக்கில் கொள்ளாத மேலோட்டமான ஒப்பீடுதான் இது. ஆனாலும் அளவோடு கால நேரத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது இதில் விளங்கும். அளவு சிறிதாயினும் கதிர்வீச்சின் அபாயம் பூச்சியம் என்று எவரும் உறுதி தர முடியாது. ஆகவே, பலன் எதிர்பார்க்கத்தக்க நோய் இல்லாதவர் வேடிக்கைக்காக உள்ளே போவதற்கு நியாயமே இல்லை.

பலன் உண்டா? 2001 இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் முதுகெலும்பு அழற்சியுள்ள 120 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு பக்கத்து ஊரான பாட் ஹோஃப்காஸ்டைனில் தங்கிச் சுரங்கச் சிகிச்சையும் உடற்பயிற்சியும் பெற்றது. இன்னொன்று நெதர்லாந்தின் ஆர்சென் வெந்நீர் நிலையத்துக்குச் சென்றது. மூன்றாவது ஊரிலேயே வாராந்திரப் பயிற்சியைத் தொடர்ந்தது. ஆஸ்திரியாவுக்குச் சென்றவர்களுக்கு நன்மை 40 வாரங்கள் வரை தெரிந்தது. ஆர்சென் சென்றவர்களுக்கு அது அதற்கு முன்பே மங்கிவிட்டது. நல்ல முடிவுதான். ஆனால் வெப்பம், மூன்று வார ஓய்வு, அன்றாட உடற்பயிற்சி, மலைக்காற்று ஆகியவற்றிலிருந்து ரேடானின் பங்கை மட்டும் தனியே பிரித்துக்காட்ட அந்த ஆய்வால் இயலாது. தாம் எங்கே போகிறோம் என்பது நோயாளிகளுக்குத் தெரிந்தே இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. என் கணிப்பில், அன்றாடப் பயிற்சியும் அழற்சி நீக்கி மாத்திரைகளும் தேவைப்படும்போது ஊசியாகப் போடும் உயிரியல் மருந்துகளும்தான் இந்நோய்க்கு அடித்தளம். சுரங்கம் அதன்மேல் கூடுதலாக அமையலாமே தவிர மாற்றாகாது. பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பே ‘அங்கே சரியாகிவிடும்’ என்று ஊசியை நிறுத்திவிட்டு, நோய் முற்றி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கர்ப்பிணிகள், குழந்தைகள், காய்ச்சலோ தொற்றோ உள்ளவர்கள், கட்டுப்படாத இதயநோயோ தைராய்டு மிகைச் சுரப்போ உள்ளவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், மூடிய இடத்தில் பதற்றம் கொள்பவர்கள் ஆகியோர் சுரங்கத்தைத் தவிர்க்க வேண்டும்.

சிகிச்சை வேண்டாதவர்களுக்கும் ஊரில் பார்க்க நிறைய உண்டு. 1958 இல் உலகப் பனிச்சறுக்குப் போட்டி நடந்த மலைச்சரிவுகளும், ஸ்டுப்னர்கோகல் உச்சியருகே 140 மீட்டர் நீளத் தொங்குபாலமும் இருக்கின்றன. கட்டடக் கலைஞர் கெர்ஹார்ட் கார்ஸ்டெனாவர் 1968 இல் பாறையைக் குடைந்து அமைத்த குளியல் நிலையமும், 1974 இல் அருவியருகே எழுப்பிய கான்கிரீட் மாநாட்டு மண்டபமும் பலருக்குப் பிடிக்காது, எனக்குப் பிடிக்கும். நடுச்சதுக்கத்துப் பழைய ஹோட்டல்கள் பல ஆண்டுகள் பூட்டிக்கிடந்து பாழடைந்தன. 2017 இல் மாநில அரசே அவற்றை வாங்கிக் கைமாற்றியது. பேராயரின் குளியல் மாளிகையும் ஸ்ட்ராவுபிங்கரும் 2023 இல் மீண்டும் திறக்கப்பட்டன. கிளம்புவதற்கு முன் அண்மைய ரத்தப் பரிசோதனை முடிவுகளையும், மருந்துப் பட்டியலையும், முதுகெலும்பின் எம்ஆர்ஐ அறிக்கையையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். சுரங்க வாசலில் இருக்கும் மருத்துவர் முதலில் கேட்பது இவற்றைத்தான்.