மணத்தை நம்பிக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்காதீர்கள்

மார்கழி வெள்ளம் வடிந்த கையோடு மூதூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். கிணற்றுக்கட்டு முழுக்கச் சேறு. "காலையிலேயே ரெண்டு பிடி குளோரீன் தூள் போட்டுட்டன் சேர். மணக்குதுதானே?" என்றார் வீட்டு அம்மா. மணக்கத்தான் செய்தது. சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்து குளோரீனைச் சோதிக்கும் டிபிடி மாத்திரையைப் போட்டுக் குலுக்கினேன். கிருமியைக் கொல்லக் குளோரீன் மிச்சமிருந்தால் இளஞ்சிவப்பு ஏறும். நிறமே வரவில்லை. அந்தத் தண்ணீரைத்தான் பிள்ளைக்குப் பால்மா கரைக்க அள்ளி வைத்திருந்தார்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகராக ஒவ்வொரு மாரியிலும் இதைப் பார்க்கிறேன். தூள் போட்டோமா என்று பார்க்கிறோம். எவ்வளவு மிஞ்சியது, எவ்வளவு நேரம் விட்டோம் என்று பார்ப்பதில்லை.

இரசாயனத் தாக்கத்தில் ஈடுபடும் பொருளின், அதாவது தாக்கியின், செறிவு கூடினால் தாக்கவீதம் (தாக்கம் நடக்கும் வேகம்) கூடும் என்று உயர்தர வகுப்புப் பிள்ளைகள் படிப்பார்கள். துணிக்கைகள் நெருக்கமாக இருந்தால் அடிக்கடி மோதும், அவ்வளவுதான். கிருமி சாவதும் இதே கணக்கு என்று 1908இல் ஹரியட் சிக் என்ற ஆராய்ச்சியாளர் காட்டினார்: ஒரே அளவு நேரத்தில் ஒரே பங்குதான் சாகும். ஆயிரம் நூறாக எவ்வளவு நேரமோ, நூறு பத்தாகவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம். அதே ஆண்டில் வாட்சன் என்ற இன்னொரு ஆராய்ச்சியாளர் கிருமிகொல்லி மருந்தின் செறிவையும் இதில் சேர்த்தார். குளோரீன் பாதியானால் நேரத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது, லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் மிஞ்சியிருக்க, குறைந்தது 30 நிமிடம். அதுவும் பிஎச் (அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) 8க்குக் கீழே உள்ள தண்ணீரில்.

அந்தக் கிணற்றில் என்ன நடந்தது? சேறும் அழுகிய இலையும் கிருமிக்கு முன்னால் குளோரீனைத் தின்றுவிட்டன. அமோனியா உள்ள அழுக்கோடு சேர்ந்த குளோரீன் குளோரமீன் என்ற வேறு சேர்வையாகிவிடும். மூக்கில் ஏறும் மணம் பெரும்பாலும் அதனுடையதுதான். கொல்லும் வேகமோ மிகக் குறைவு.

அதனால் முதலில் கிணற்றை இறைத்துச் சேற்றை அள்ளுங்கள். ஊறிவரும் தண்ணீர் தெளிந்த பிறகு, தூளை வாளியில் கரைத்து, தூளில் உள்ள சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிவை மட்டும் ஊற்றிக் கலக்குங்கள். அளவை உங்கள் பகுதிப் பரிசோதகரிடம் கேளுங்கள். கிணற்றின் அகலம், தண்ணீரின் ஆழம் பார்த்துத்தான் சொல்ல முடியும். அவர் சோதித்துச் சொல்லும்வரை கொதித்தாறிய நீரே குடியுங்கள், முக்கியமாகக் குழந்தைகளுக்கு.

போன வருடம் திறந்த பையில் வீரியம் குறைந்திருக்கும், அதை நம்ப வேண்டாம். அப்புறம், கக்கூஸ் கழுவும் அசிட் இருந்த வாளியில் இந்தத் தூளைக் கரைக்கவே கூடாது. நச்சுக் குளோரீன் வாயு அந்த இடத்திலேயே கிளம்பும்.